வில்லியம் எவர்ட் கிளாட்ஸ்டன்

வில்லியம் எவர்ட் கிளாட்ஸ்டன் (டிசம்பர் 29, 1809 – மே 19, 1898) பிரித்தானிய அரசியல் தலைவர் ஆவார். 1868 முதல் 1894 வரையான காலப்பகுதியில் நான்கு தடவைகள் ஐக்கிய இராச்சியத்தின் பிரதமராகப் பதவி வகித்தார். நான்கு தடவைகள் நிதியமைச்சராகவும் இருந்தார். லிபரல் கட்சியின் மிகப் பெரும் தலைவராக இவர் கருதப்படுகிறார். எனினும், இவர் தமது அரசியல் வாழ்வை அக்கட்சியில் தொடங்கவில்லை. டோரிகள் எனப்பட்ட பழமைவாதிகளின் அணியில், அவர்களிலும் கடும்போக்குடைய ஒருவராகவே 1832 இல் நாடாளுமன்றத்தில் நுழைந்தார்.

வயது ஏற ஏற மனிதர் பழமையைப் பற்றிக்கொள்வர் என்பது பொதுவான எண்ணம். கிளாட்ஸ்டனின் வாழ்வு இதற்கு மாறான திசையில் சென்றது. இருபத்தொரு வயதில் வாக்குரிமை விரிவாக்கத்தை எதிர்த்த இவர், எழுபது வயதைக் கடந்தபின் அதை விரிவாக்கும் பெருஞ்சட்டம் ஒன்றை நிறைவேற்றினார். இங்கிலாந்துத் திருச்சபையே அரசின் சமயமாக இருக்கவேண்டும் என நூல் எழுதிய இவர், கடவுள் மறுப்பாளர் ஒருவர் நாடாளுமன்றத்தில் அமர்வதற்கான உரிமைக்காக வாதாடினார்.

பிறப்பும் கல்வியும்

கிளாட்ஸ்டன் இங்கிலாந்தின் துறைமுக நகரான லிவர்பூலில் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஸ்காட்லாந்து வழிவந்தவர்கள். தந்தை ஜான் கிளாட்ஸ்டன் பெரும் வணிகர். தெமராரா (இன்றைய கயானாவின் ஒரு பகுதி), ஜமேக்கா ஆகிய இடங்களில் இவருக்குத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் ஆப்பிரிக்க அடிமைகள் வேலை செய்தனர். 1823 இல் தெமராராவில் நிகழ்ந்த பெரும் அடிமைக் கிளர்ச்சி, ஜான் கிளாட்ஸ்டனுக்குச் சொந்தமான 'சக்சஸ்' தோட்டத்திலேயே தொடங்கியது.

வில்லியம் ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியிலும் பயின்றார். 1831 இல் செம்மொழிகள், கணிதம் ஆகிய இரு பாடங்களிலும் முதல் வகுப்பில் தேறினார். திருச்சபைப் பணியில் சேர இவர் விரும்பினார். தந்தையோ மகன் அரசியலுக்குச் செல்வதை விரும்பினார். 1831 மே மாதத்தில், வாக்குரிமையை விரிவாக்க முயன்ற சீர்திருத்த மசோதாவை எதிர்த்து ஆக்ஸ்போர்டு மாணவர் மன்றத்தில் இவர் ஆற்றிய உரை பலரது கவனத்தை ஈர்த்தது. அவ்வுரையைக் கேட்ட நண்பர் லிங்கன் பிரபு, தம் தந்தையான நியூகாசில் கோமகனிடம் இவரைப் பரிந்துரைத்தார். கோமகனின் செல்வாக்குக்கு உட்பட்ட நியூவார்க் தொகுதியிலிருந்து 1832 டிசம்பரில் கிளாட்ஸ்டன் தெரிவானார். அப்போது இவருக்கு வயது 22.

அடிமை முறை பற்றிய நிலைப்பாடு

நாடாளுமன்றத்தில் இவரது முதல் முக்கிய உரை 1833 ஜூன் மாதத்தில், அடிமை முறை ஒழிப்புப் பற்றிய விவாதத்தின்போது நிகழ்ந்தது. தந்தையின் தோட்டங்களில் அடிமைகள் கொடுமைப்படுத்தப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டை இவர் மறுத்துப் பேசினார். அடிமை முறை ஒரு நாள் முடிவுக்கு வரவேண்டும் என ஏற்றுக்கொண்டபோதிலும், அது படிப்படியாக நிகழவேண்டும் என்றும், உரிமையாளர்களுக்கு இழப்பீடு வழங்கப்படவேண்டும் என்றும் வாதிட்டார்.

அவ்வாண்டு நிறைவேறிய சட்டத்தின்படி உரிமையாளர்களுக்கு மொத்தம் 2 கோடி பவுண் இழப்பீடு ஒதுக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களுக்கு எதுவும் வழங்கப்படவில்லை. ஜான் கிளாட்ஸ்டன் 2,508 அடிமைகளுக்காக 1,06,769 பவுண் பெற்றார். இது இழப்பீடு பெற்றவர்களுள் மிகப் பெரிய தொகைகளில் ஒன்றாகும். அடிமைகளுக்குப் பதிலாக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைக்கும் திட்டத்தையும் ஜான் கிளாட்ஸ்டனே முன்னெடுத்தார். அவர்களை ஏற்றிய விட்பி, ஹெஸ்பெரஸ் ஆகிய கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு 1838 மே மாதத்தில் பிரித்தானியக் கயானாவை அடைந்தன. அதே ஆண்டில் வில்லியம் நாடாளுமன்றத்தில் தோட்ட உரிமையாளர்களுக்கு ஆதரவாக மீண்டும் பேசினார்.

முதல் நூலும் பதவி விலகலும்

1838 இல் அரசுக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவு பற்றிய தமது முதல் நூலை கிளாட்ஸ்டன் வெளியிட்டார். அரசுக்கும் ஒரு மனச்சான்று உண்டு. எனவே உண்மையான சமயம் எதுவோ அதை மட்டுமே அரசு ஆதரிக்கவேண்டும். ஏனைய சமயத்தவருக்கு அரசுப் பதவிகள் உரியவை அல்ல என்பது நூலின் சாரம். வரலாற்றாளர் மெக்காலே இந்நூலைக் கடுமையாக விமர்சித்தார். வளைந்து கொடுக்காத டோரிகளின் எழுந்துவரும் நம்பிக்கை என இவரை மெக்காலே குறிப்பிட்டது பின்னாளில் பெரிதும் அறியப்பட்டது.

இந்நூலின் கொள்கை விரைவிலேயே சோதனைக்கு உள்ளானது. 1845 இல் பிரதமர் ராபர்ட் பீல், அயர்லாந்தின் மேனூத் நகரிலுள்ள கத்தோலிக்கக் குருமடத்துக்கான அரசு நிதியுதவியை உயர்த்த முடிவு செய்தார். அப்போது வணிக வாரியத் தலைவராக இருந்த கிளாட்ஸ்டன், தாம் எழுதிய நூலுக்கு இது முரணானது எனக் கூறிப் பதவி விலகினார். ஆனால் மசோதா அவைக்கு வந்தபோது அதை ஆதரித்தே வாக்களித்தார். தமது பழைய கொள்கையை இனி நடைமுறைப்படுத்த இயலாது என உணர்ந்ததாலேயே ஆதரித்ததாகவும், பதவியைத் தக்கவைக்கக் கருத்தை மாற்றிக்கொண்டார் என்ற ஐயம் எழக்கூடாது என்பதற்காகவே விலகியதாகவும் விளக்கினார். அன்று பலருக்கு இவ்விளக்கம் புரியவில்லை.

பீலின் செல்வாக்கு

பழமைவாதப் பிடிப்பிலிருந்து கிளாட்ஸ்டனை முதலில் நகர்த்தியது நிர்வாக அனுபவம் எனலாம். 1841 இல் வணிக வாரியத்தில் சேர்ந்தபோது பொருளியலில் இவருக்கு அதிகப் பயிற்சி இல்லை. சுங்கத் தீர்வைப் பட்டியல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, அவற்றுள் பல வணிகத்துக்கும் ஏழைகளுக்கும் தீங்கு செய்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். 1844 இல் இவர் கொண்டுவந்த தொடருந்துச் சட்டம், ஒவ்வொரு பாதையிலும் நாளொன்றுக்கு ஒரு தடவையேனும் மைலுக்கு ஒரு பென்னிக்கு மிகாத கட்டணத்தில் ஏழைகள் பயணம் செய்ய வழிவகுத்தது.

1845 இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பஞ்சம் தொடங்கியது. இறக்குமதித் தானியத்துக்குத் தீர்வை விதித்த தானியச் சட்டங்களை 1846 இல் பீல் நீக்கினார். இதனால் கட்சி உடைந்தது. கிளாட்ஸ்டன் பீலுடன் நின்றார். தானியச் சட்டங்களை ஆதரித்த நியூகாசில் கோமகனின் ஆதரவை இழந்ததால் நியூவார்க் தொகுதியும் கைவிட்டுப்போனது. 1847 இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து தெரிவாகும் வரை இவர் அவைக்கு வெளியே இருந்தார். அவ்வாண்டின் இறுதியில் யூதர்கள் நாடாளுமன்றத்தில் அமர அனுமதிக்கும் முயற்சியை ஆதரித்து, தம் புதிய வாக்காளர்களுள் பலரது அதிருப்தியைப் பெற்றார்.

நேப்பிள்ஸ் சிறைகள்

1850 இல் மகள் ஒருவரின் கண்நோய் காரணமாகக் குடும்பத்துடன் நேப்பிள்ஸ் நகரில் தங்கியிருந்தபோது, அங்குள்ள அரசியல் கைதிகளின் வழக்கு விசாரணையையும் சிறைகளையும் நேரில் கண்டார். முன்னாள் அமைச்சரான கார்லோ போயெரியோ மற்றொரு கைதியுடன் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார். மரபுவழி அரசாட்சிகளை மதித்துவந்த கிளாட்ஸ்டனை இக்காட்சிகள் உலுக்கின. 1851 இல் அபர்தீன் பிரபுவுக்கு எழுதிய கடிதங்களாக இவற்றை வெளியிட்டார். அவை ஐரோப்பா எங்கும் பரபரப்பை ஏற்படுத்தின. இத்தாலிய விடுதலைக்கான இவரது ஆதரவு இங்கிருந்தே வளர்ந்தது.

நிதியமைச்சர்

1852 டிசம்பரில், பழமைவாதக் கட்சியின் நிதியமைச்சர் பெஞ்சமின் டிஸ்ரேலியின் வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கி கிளாட்ஸ்டன் ஆற்றிய உரை அவ்வரசின் வீழ்ச்சிக்குக் காரணமாயிற்று. இருவருக்கும் இடையிலான நீண்ட பகைமை இக்காலத்திலேயே வெளிப்பட்டது. டிஸ்ரேலியின் பயணம் கிளாட்ஸ்டனின் பயணத்துக்கு நேர் எதிரானது என்பது குறிப்பிடத்தக்கது. அவர் 1832 இல் தீவிர மாற்றம் கோரும் வேட்பாளராகத் தேர்தலில் நின்று தோற்றவர். பின்னர் பழமைவாதக் கட்சியின் தலைவரானார்.

அடுத்துப் பொறுப்பேற்ற கூட்டணி அரசில் கிளாட்ஸ்டன் நிதியமைச்சரானார். 1853 ஏப்ரலில் ஏறத்தாழ ஐந்து மணிநேரம் நீண்ட உரையில், பல தீர்வைகளை நீக்கவும் 1860 இல் வருமான வரியை முற்றாக ஒழிக்கவும் திட்டம் அளித்தார். 1854 இல் பிரித்தானியா இணைந்த கிரிமியப் போர் இத்திட்டத்தைக் குலைத்தது. 1859 ஜூன் மாதத்தில் பீலின் ஆதரவாளர்களும் விக் கட்சியினரும் தீவிரவாதிகளும் இணைந்து லிபரல் கட்சி உருவானது. கிளாட்ஸ்டன் அதன் அரசில் மீண்டும் நிதியமைச்சரானார். அப்போது இவருக்கு வயது 49. 1860 ஆம் ஆண்டுத் திட்டத்தின் பின் தீர்வை விதிக்கப்படும் பொருட்கள் 48 ஆகக் குறைந்தன. 1861 இல் காகிதத் தீர்வை நீக்கப்பட்டதால் செய்தித்தாள்களின் விலை குறைந்தது. அதே ஆண்டில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது.

இக்காலத்திலும் இவரது மாற்றம் ஒரே சீராக இருக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 அக்டோபரில் நியூகாசில் நகரில் பேசுகையில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்கள் தனி நாடாகிவிட்டன என்ற பொருள்படக் கூறினார். இப்பேச்சு தமது பெருந்தவறு எனப் பின்னாளில் எழுதினார்.

வாக்குரிமையும் தொகுதி இழப்பும்

அதே போரில் வேறொரு பாடத்தையும் இவர் கற்றார். தென் மாநிலங்களிலிருந்து பருத்தி வராததால் லங்காஷயர் ஆலைத் தொழிலாளர் வேலையிழந்து வறுமையில் வாடினர். அத்துன்பத்தை அவர்கள் அமைதியாகத் தாங்கிய விதம், அவர்களை நம்பலாம் என்ற எண்ணத்தை இவருள் ஏற்படுத்தியது. 1864 மே மாதத்தில், தகுதியின்மையோ நாட்டுக்கு ஆபத்தோ காட்டப்படாத எந்த ஆணுக்கும் வாக்களிக்கத் தார்மீக உரிமை உண்டு என்ற கருத்தை மக்களவையில் முன்வைத்தார். பிரதமர் பாமர்ஸ்டன் இதனை விரும்பவில்லை.

1865 தேர்தலில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இவரைத் தோற்கடித்தது. பதினெட்டு ஆண்டுகள் நீடித்த அத்தொகுதியை இழந்தது இவருக்கு மனவேதனை அளித்தது. உடனே லங்காஷயர் சென்று, தொழில் நகர்களைக் கொண்ட அங்குள்ள தொகுதி ஒன்றில் போட்டியிட்டு வென்றார்.

முதலாவது அமைச்சரவை (1868–1874)

1868 டிசம்பரில் கிளாட்ஸ்டன் பிரதமரானார். அழைப்புக்கான தந்தி வந்தபோது வேல்ஸில் உள்ள ஹவார்டன் இல்லத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். மரம் வெட்டுதல் இவரது விருப்பமான உடற்பயிற்சியாகும்.

இவரது முதல் பணி அயர்லாந்து பற்றியது. அந்நாட்டு மக்களுள் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். அரசின் திருச்சபையோ சிறுபான்மைப் புராட்டஸ்டண்டுகளுடையது. 1869 ஆம் ஆண்டுச் சட்டம் அத்திருச்சபையின் அரசுத் தொடர்பை நீக்கியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதிய நூலுக்கு இது முற்றிலும் எதிரானது என்பதை அறிந்திருந்த கிளாட்ஸ்டன், தம் கருத்து மாறிய வரலாற்றை விளக்கும் சிறு நூலொன்றை 1868 இல் வெளியிட்டார்.

இவ்வமைச்சரவையின் பிற முக்கிய நடவடிக்கைகள்:

1870 – தொடக்கக் கல்விச் சட்டம். அயர்லாந்து நிலச் சட்டம். குடிமைப் பணிகளுக்குப் போட்டித் தேர்வு
1871 – பணம் கொடுத்துப் படை அதிகாரிப் பதவி பெறும் முறை ஒழிப்பு. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் சமயத் தகுதி விதிகள் நீக்கம்
1872 – இரகசிய வாக்குச்சீட்டு முறை

1874 தேர்தலில் லிபரல் கட்சி தோற்றது. அடுத்த ஆண்டில் கிளாட்ஸ்டன் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். 65 வயதில், எஞ்சிய நாட்களைச் சமய ஆய்விலும் ஹோமரின் காவியங்களிலும் செலவிட எண்ணியிருந்தார்.

மீள்வருகை

1876 இல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான பல்கேரியக் கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. டிஸ்ரேலி அரசு ஒட்டோமான் பேரரசை ஆதரித்துவந்தது. இப்படுகொலைகளைக் கண்டித்து செப்டம்பரில் கிளாட்ஸ்டன் வெளியிட்ட சிறு பிரசுரம் ஒரே மாதத்தில் ஏறத்தாழ 2,00,000 படிகள் விற்றது. 1879, 1880 ஆம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் மிட்லோதியன் தொகுதியில் இவர் மேற்கொண்ட பரப்புரை, பிரித்தானியத் தேர்தல் முறையில் புதியதாகும். தொடருந்தில் ஊர் ஊராகச் சென்று ஆயிரக்கணக்கானோர் முன் அயலுறவுக் கொள்கை பற்றிப் பேசினார். ஆப்கானிய மலைக் கிராமத்தவரின் உயிரும் இறைவன் முன் ஆங்கிலேயரின் உயிருக்கு நிகரானதே என வலியுறுத்தினார். அத்தொகுதியில் 1,368 வாக்குகளுக்கு எதிராக 1,579 வாக்குகள் பெற்று வென்றார். 70 வயதில் மீண்டும் பிரதமரானார்.

இரண்டாவது அமைச்சரவை (1880–1885)

இவ்வமைச்சரவையின் வரலாற்றில் இவரது கொள்கைகளும் செயல்களும் பல இடங்களில் முரண்பட்டன. பேரரசு விரிவாக்கத்தைக் கண்டித்து ஆட்சிக்கு வந்த இவரது அரசே 1882 இல் அலெக்சாந்திரியா நகரைப் பீரங்கியால் தாக்கி எகிப்தைக் கைப்பற்றியது. நெடுநாள் தோழர் ஜான் பிரைட் இதனால் அமைச்சர் பதவியைத் துறந்தார். கிளாட்ஸ்டனின் சொந்த முதலீடுகளில் கணிசமான பகுதி எகிப்தியக் கடன் பத்திரங்களில் இருந்ததைப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். அயர்லாந்தில் நிலச் சட்டத்தின் மூலம் குத்தகைதாரருக்கு உரிமைகள் வழங்கிய இவரது அரசு, அடக்குமுறைச் சட்டத்தின் கீழ் ஐரிஷ் தலைவர் பார்னலைச் சிறையிலும் அடைத்தது.

1880 இல் தெரிவான சார்லஸ் பிராட்லா ஒரு கடவுள் மறுப்பாளர் என்பதால் அவையில் அமர அனுமதிக்கப்படவில்லை. இறைவன் பெயரால் உறுதிமொழி எடுக்காதோரும் உறுப்பினராக இடமளிக்கும் மசோதாவை 1883 இல் கிளாட்ஸ்டன் முன்னின்று ஆதரித்தார். ஆழ்ந்த சமயப் பற்றுடைய இவரது அவ்வுரை இவரது சிறந்த உரைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. எனினும் மசோதா 3 வாக்குகளால் தோற்றது. 1884 ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் கிராமப்புறத் தொழிலாளருக்கும் வாக்குரிமை அளித்தது. வாக்காளர் தொகை ஏறத்தாழ 30 இலட்சத்திலிருந்து 50 இலட்சத்துக்கு மேல் உயர்ந்தது.

இந்தியாவுக்கு ரிப்பன் பிரபுவைத் தலைமை ஆளுநராக அனுப்பியதும் இவ்வரசே. இந்திய மொழி இதழ்களைக் கட்டுப்படுத்த 1878 இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த சட்டத்தை கிளாட்ஸ்டன் எதிர்க்கட்சியிலிருந்தபோது கண்டித்திருந்தார். ரிப்பன் அதனை 1882 இல் நீக்கினார். உள்ளாட்சி அமைப்புகளையும் ஊக்குவித்தார். சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் கட்டிடம் அவர் பெயரைக் கொண்டதாகும்.

அயர்லாந்துத் தன்னாட்சி

1885 தேர்தலில் லிபரல் கட்சிக்கு 335 இடங்களும், பழமைவாதக் கட்சிக்கு 249 இடங்களும், பார்னல் தலைமையிலான ஐரிஷ் கட்சிக்கு 86 இடங்களும் கிடைத்தன. டிசம்பரில், கிளாட்ஸ்டன் அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் எண்ணம் கொண்டுள்ளார் என்ற செய்தியை அவர் மகன் வெளிப்படுத்தினார். ஆட்சியைப் பிடிக்க 86 வாக்குகளை விலைக்கு வாங்குகிறார் என எதிரிகள் குற்றஞ்சாட்டினர். நெடுநாள் வாசிப்பும், அடக்குமுறை தோற்றதைக் கண்ட அனுபவமும், அயர்லாந்து மக்கள் வாக்குச்சீட்டின் மூலம் தெரிவித்த தெளிவான விருப்பமுமே காரணம் என ஆதரவாளர்கள் கூறினர்.

1886 ஜூன் மாதத்தில் தன்னாட்சி மசோதா 30 வாக்கு வேறுபாட்டில் தோற்றது. லிபரல் உறுப்பினர்களில் 93 பேர் எதிர்த்து வாக்களித்தனர். அவர்களுள் ஜான் பிரைட்டும், தீவிரவாதிகளின் தலைவரான ஜோசப் சேம்பர்லினும் இருந்தனர். கட்சி பிளவுற்றது. கிளாட்ஸ்டனை விட 26 ஆண்டுகள் இளையவரான சேம்பர்லின், பின்னர் பழமைவாதிகளுடன் இணைந்து பேரரசுக் கொள்கையின் முதன்மை ஆதரவாளரானார்.

1892 தேர்தலின் பின், 82 வயதில் கிளாட்ஸ்டன் நான்காவது தடவையாகப் பிரதமரானார். அதே தேர்தலில் தாதாபாய் நௌரோஜி லிபரல் கட்சியின் சார்பில் லண்டனில் வென்று நாடாளுமன்ற உறுப்பினரானார். இரண்டாவது தன்னாட்சி மசோதா 1893 செப்டம்பரில் மக்களவையில் நிறைவேறியது. பிரபுக்கள் அவை அதனை 419க்கு 41 என்ற கணக்கில் நிராகரித்தது. 1894 மார்ச் மாதம், கடற்படைச் செலவை உயர்த்துவது தொடர்பாக அமைச்சர்களுடன் ஏற்பட்ட வேறுபாட்டால் தமது 84 ஆம் வயதில் பதவி விலகினார். மக்களவையில் ஆற்றிய இறுதி உரையில் பிரபுக்கள் அவையின் அதிகாரத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார்.

மாறாதவை

கிளாட்ஸ்டனின் எல்லாக் கருத்துகளும் மாறவில்லை. இங்கிலாந்துத் திருச்சபை மீதான பற்று வாழ்நாள் முழுதும் நீடித்தது. அரசு சிக்கனமாக இருக்கவேண்டும் என்ற பிடிவாதமும் அவ்வாறே. இதனால், அரசுச் செலவில் சமூக நலத் திட்டங்களை விரும்பிய இளைய லிபரல்களுக்கு இவர் இறுதிக்காலத்தில் பின்தங்கியவராகத் தோன்றினார். உயர்குடியினர் நாட்டை ஆள்வதில் இவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை 1884 இலும் 1892 இலும் எதிர்த்தார்.

மாறியது பெரும்பாலும் யாரை நம்பலாம் என்ற கணிப்பே எனலாம். ஆலைத் தொழிலாளர், கத்தோலிக்கர், கிராமத்துக் கூலியாட்கள், அயர்லாந்து மக்கள் என ஒவ்வொரு பிரிவினராக இவரது நம்பிக்கைக்கு உரியவராயினர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தொகுதியையோ, பதவியையோ, நண்பர்களையோ இழந்தார். அதே வேளை, பல மாற்றங்கள் இவருக்கு ஆட்சியையும் பெற்றுத் தந்தன என்பதை விமர்சகர்கள் நினைவூட்டுகின்றனர்.

தனிவாழ்வும் மறைவும்

1839 இல் கேத்தரின் கிளின் என்பவரை மணந்தார். இவர்களுக்கு எட்டுப் பிள்ளைகள். 1825 முதல் 1896 வரை நாட்குறிப்பு எழுதிவந்தார்; அது 1968–1994 காலப்பகுதியில் 14 தொகுதிகளாக வெளியானது. பாலியல் தொழிலில் இருந்த பெண்களுக்கு மறுவாழ்வு அளிக்க, பிரதமராக இருந்தபோதும் லண்டன் தெருக்களில் இரவில் நடந்து சென்று அவர்களுடன் பேசினார். தம் நூல்களில் ஏறத்தாழ 32,000 ஐக் கொண்டு ஹவார்டனில் நூலகம் ஒன்றை அமைத்தார். 1896 செப்டம்பரில், 86 வயதில், ஆர்மீனியர் படுகொலைகளைக் கண்டித்து லிவர்பூலில் பேசியதே இவரது கடைசிப் பெரும் பொதுக்கூட்ட உரையாகும்.

1898 மே 19 ஆம் நாள் ஹவார்டனில் காலமானார். உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இவர் முயன்ற தன்னாட்சி இவர் காலத்தில் கிட்டவில்லை. போருக்குப் பின் 1922 இல் ஐரிஷ் சுதந்திர அரசு உருவானது. 2023 ஆகஸ்ட் மாதத்தில் கிளாட்ஸ்டன் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் கயானா சென்று, அடிமை முறையில் தம் முன்னோருக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கோரினர்.

பிரதிநிதித்துவம் செய்த தொகுதிகள்

1832–1845 – நியூவார்க்
1847–1865 – ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம்
1865–1868 – தெற்கு லங்காஷயர்
1868–1880 – கிரீனிச்
1880–1895 – மிட்லோதியன்

பிரதமராக இருந்த காலங்கள்

1868–1874
1880–1885
1886
1892–1894